வானிலை ரேடியோ வாங்கியவர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவில் அரசின் வானிலை எச்சரிக்கைகளை ஒலிபரப்பும் நோவா (NOAA) வானிலை ரேடியோவுக்கு 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழே அலைவரிசைகள். சாதாரண எஃப்.எம். பெட்டியில் இவை எடுக்காது.

பலர் சத்தம் தெளிவாகக் கேட்கும் சேனலில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள். ஆபத்தே அங்கேதான். அந்தச் சேனலில் ஒலிபரப்பும் கோபுரம் உங்கள் கவுண்டிக்கான (மாவட்டம் போன்ற பகுதி) எச்சரிக்கையை ஒலிபரப்பாவிட்டால், குரல் கேட்கும், அலாரம் மட்டும் அடிக்காது. எந்தக் கோபுரம் உங்கள் கவுண்டிக்கு என்று தேசிய வானிலை சேவைத் தளத்தில் பார்த்து, அந்தச் சேனலில் வையுங்கள்.

பிறகு, எந்தப் பகுதிக்கான எச்சரிக்கைக்கு அலாரம் அடிக்க வேண்டும் என்று பெட்டிக்குச் சொல்லும், கவுண்டியின் ஆறு இலக்க 'சேம்' (SAME) குறியீட்டைப் பதியுங்கள் (ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டிக்கு 048201). டொர்னேடோ எனும் சுழல்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து நகர்ந்து வரும், அந்தப் பக்கத்துக் கவுண்டியையும் சேர்ப்பது நல்லது.

சோதனை ஒலிபரப்பு வழக்கமாகப் புதன்கிழமை. அன்று பெட்டி எந்த அறிகுறியும் காட்டாவிட்டால் ஆன்டெனாவை முழுக்க நீட்டி, ஜன்னலோரம் மாற்றிப் பாருங்கள். மின்சாரம் போனால் கைகொடுப்பது உள்ளிருக்கும் பேட்டரிதான், தயவுசெய்து காலியாக விடாதீர்கள்.