நாவற்குடாக்காரனின் மௌன விரதம்

எங்கள் ஊரின் பெயர் நாவற்குடா. பக்கத்தில் முகத்துவாரப் பக்கமாகப் போனால் நாவலடி. வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போனால் நாவற்காடு. மட்டக்களப்பில் இத்தனை நாவல் பெயரோடு இருந்தும் எங்கள் வளவில் நிற்பது ஒரு முருங்கையும் இரண்டு தென்னையும்தான். பழம் தின்ன வேண்டுமென்றால் அம்பிளாந்துறைப் பெரியப்பா மனம் வைக்க வேண்டும்.

இந்த முறை வைத்தார். வைத்த நாள்தான் பிழை. ஆடி அமாவாசைக்கு முதல் நாள், ஒரு பெயின்ட் வாளி நிறையப் பழத்தோடு பாதையில் ஏறி, குருக்கள்மடத்தில் இறங்கி, பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். (வெளியூர்க்காரருக்கு: எங்களுக்குப் பாதை என்றால் வாவியில் ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு மிதந்து வருவது.) மேலே நாவல் இலையால் மூடியிருந்தது. "அடியில நசிஞ்சிருக்கும் புள்ள, சுணங்காமக் கழுவிருங்க" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துக் கிளம்பிவிட்டார்.

அம்மா நாவல் பழம் ஊறப்போடுவதைப் பார்க்க வேண்டும். மண் போக மூன்று தண்ணீரில் அலசுவாள். நசிந்தது ஒரு பக்கம், காம்பில் செங்காயாக இருப்பது ஒரு பக்கம். நல்ல பழத்தைச் சுளகில் பரப்பி ஈரம் உலர்த்தி, சட்டியில் போட்டு, கல்லுப்பும் இடித்த செத்தல் மிளகாயும் தூவி, மூடியைத் துணியால் கட்டிவிடுவாள். அப்புறம் சட்டியை மடியில் வைத்துக் குலுக்கல். பலமாகக் குலுக்கினால் கூழ். சும்மா அசைத்தால் உப்பு பிடிக்காது. பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டுகிற அளவுக்குத்தான். அரை மணித்தியாலத்தில் தோல் அங்கங்கே வெடித்து, அடியில் ஊதாத் தண்ணீர் ஊறி நிற்கும். துவர்ப்பு பாதி இறங்கியிருக்கும். அந்தத் தண்ணீருக்குத்தான் எங்கள் வீட்டில் அடிபிடி.

"ஒருத்தரும் தொடப்படாது. நாளைக்கு அப்பாக்குப் படைச்ச பொறகுதான்" என்று சட்டியை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள்.

விடிய நாலரைக்கு எழும்பினேன். குசினியில் ஒரே நாவல் வாசம். அப்பாவுக்காக விரதம் பிடிக்கிற மகன் செய்யக்கூடாத வேலைதான், ஆனால் ஒன்றுதானே என்று கதிரையில் ஏறினேன். எட்டுத்தான் தின்றேன். சரி, பதினெட்டு.

கண்ணாடியில் நாக்கை நீட்டினால் கறுத்த மாட்டின் நாக்கு. பற்பசை போட்டு உரஞ்சினேன். ஊதாவில் கொஞ்சம் நீலம் பாய்ந்ததுதான் மிச்சம். வேட்டியில் ஒரு சொட்டுப் படாமல் தின்றேன் என்பது மட்டும் ஆறுதல்.

வாயைத் திறக்காமல் இருப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. "வெளிக்கிட்டாச்சா மனே?" என்று அம்மா கேட்டாள். தலையாட்டினேன். "காசு எடுத்தியா?" தலையாட்டினேன். ஓட்டோவில் ஏறிய மாமி, "என்ன, மருமகன்ட சத்தத்தையே காணல்ல?" என்றார். அம்மா என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "விரதமெல்லோ மச்சாள். கதைக்காமப் புடிக்கிறான் போல."

மாமாங்கக் கோயிலடியில் இறங்குவதற்குள் நான் மகானாகிவிட்டேன். கோயில் இருக்கிற அமிர்தகழியில் அன்றைக்குக் கால் வைக்க இடமில்லை. அந்தச் சனத்துக்குள்ளும் பெரியம்மா என்னைத் தேடி வந்து கன்னத்தைத் தடவி, "அப்பனுக்காக இந்தக் காலத்திலயும் இப்படி ஒரு புள்ள" என்று கண்ணைத் துடைத்தார். பக்கத்தில் நின்ற தன் மகனை, "நீயும் இருக்கியே, விடிஞ்சதில இருந்து வாய் மூடல்ல" என்று ஏசினார். அவன் பாவம், காலையில் இருந்து ஒரு பழமும் தின்னாதவன்.

தீர்த்தக் குளத்தில் முழுகி எழும்பினேன். இனி பிதிர்க்கடன். ஐயருக்கு முன்னால் குந்தியதும் அவர் சங்கற்பத்தைத் தொடங்கினார். "நான் சொல்லச் சொல்லச் சொல்லுங்க." இதை நான் யோசிக்கவேயில்லை. பல்லைக் கடித்து முணுமுணுத்தேன். "சத்தமாச் சொல்லுங்க தம்பி. ஜம்பூத்வீபே..."

நாங்கள் ஜம்பு என்று தின்பது மணி போலத் தொங்குகிற சிவப்புப் பழம். வடமொழியில் ஜம்பு என்றால் நாவல். பழந்தமிழில் சொல்கிற நாவலந்தீவுதான் அந்த ஜம்பூத்வீபம். ஆக உலகத்தில் எத்தனையோ சொல் இருக்க, அந்தச் சொல்லுக்குத்தான் நான் முழுதாக வாயைத் திறந்தேன்.

ஐயர் நிறுத்தினார். என் வாயையே பார்த்தார். தர்ப்பையைச் சரிசெய்வது போலக் குனிந்து மெதுவாகக் கேட்டார்:

"பழம் இனிப்பா, புளியா?"

மெதுவாகத்தான் கேட்டார். அம்மாவின் காதுக்கு அது போதும்.

அதிலிருந்து மௌன விரதம் அம்மாவுக்கு மாறியது. வீட்டுக்கு வந்தும் ஒரு வார்த்தை இல்லை. காத்தோட்டிக்காயைப் பொரித்தாள். கசப்பென்று நான் ஒதுக்குகிற அதே காய், என் இலைக்கு மட்டும் மூன்று மடங்கு விழுந்தது. அப்பாவின் இலையில் சோறு, கறிகள், ஓரத்தில் ஒரு கைப்பிடி நாவல் பழம். காகத்துக்கு வைத்தபோது முருங்கையில் இருந்து ஒன்று இறங்கி வந்தது. சோற்றைக் கிளறியது, காத்தோட்டிக்காயைத் தள்ளிவிட்டது, நாவல் பழத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு போனது.

அடுத்த நாள் காலை கொடியில் காய்ந்த என் வெள்ளை வேட்டியின் நட்ட நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு ஊதா நிறத்தில் காக்கா எச்சம். அக்கா சவர்க்காரம் போட்டாள், கறை நீலமானது. தேசிக்காய் பிழிந்தாள், ரோசாவானது. அம்மா கிணற்றடிக்கு வந்து வேட்டியை விரித்துப் பார்த்தாள். ஒரு நாள் முழுக்கப் பேசாதவள் அப்போதுதான் வாய் திறந்தாள்.

"உங்கட அப்பாதான் மனே. உசிரோட இருக்கக்குள்ளயும் என்ட வேலையக் கூட்டுறதுதான் அவர்ர வேல."