சப்பாத்திக்கள்ளி சர்பத்: நிறம் நின்றது, வழவழப்பு போகவில்லை

மூன்றாவது தடவையில் ஒருவழியாக நிறம் நின்றுவிட்டது. டம்ளரை வெயிலில் தூக்கிப் பிடித்தால் அசல் ராணி கலர். எசன்ஸ் ஊற்றினாயா என்று வீட்டில் சந்தேகப்பட்டார்கள், அதைவிடப் பாராட்டு வேறென்ன வேண்டும்.

பழம் பறிப்பதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, வேலியோரம் திரிந்து வளர்ந்தவர்களுக்குத் தெரிந்ததுதான். தொல்லை முழுக்கச் சுணையில் இருக்கிறது. பெரிய முள் கண்ணில் படும், ஒதுங்கிக்கொள்ளலாம். பழத்தின் மேல் பொட்டுப் பொட்டாக, பழுப்புப் பஞ்சு மாதிரி உட்கார்ந்திருக்கும் பொடி முள்தான் எமன், ஒவ்வொன்றிலும் பின்பக்கமாகக் கொக்கி இருப்பதால் ஏறினால் லேசில் இறங்காது. முதல் தடவை சின்ன வயதில் செய்தது போலவே மணலில் போட்டுச் செருப்புக் காலால் உருட்டிவிட்டு, அவசரத்தில் அப்படியே மிக்ஸியில் அடித்தேன். விதை அரைபட்டு நறநறவென்று ஆனது ஒரு பக்கம், தொண்டையில் இரண்டு நாள் குறுகுறுப்பு இன்னொரு பக்கம். ஆச்சியிடம் சொன்னால், "கூறுகெட்டவனே, அத எவனாவது மிக்ஸியில போடுவானால?" என்கிறாள்.

ஆடு மேய்க்கிற தாத்தா ஒருவர்தான் வழி சொன்னார். "தம்பி, கையே படக்கூடாது, தீயில காட்டு." பனையோலைச் சருகைக் கொளுத்தி, இடுக்கியில் பழத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினால் சுணை சடசடவென்று பொரிந்து போகிறது. கேஸ் அடுப்பிலும் செய்து பார்த்தேன், ஒரு பக்கம் தோல் கருகுகிறது, மறுபக்கம் சுணை அப்படியே இருக்கிறது. ஓலைத் தீ சுற்றிப் படர்வதால் அதுதான் சரி. ஆனால் பழத்தின் உச்சிக் குழிக்குள் தீ எட்டாது, அந்தப் பகுதியைத் தயங்காமல் வெட்டி எறிந்துவிடுங்கள். நான் எறியாமல் விட்ட ஒரே பழம் என் கட்டைவிரலுக்கு வேலை வைத்தது. விரலில் ஏறியதை எடுக்க, ஃபெவிகால் தடவிக் காயவிட்டு உரித்தால் பாதிக்கு மேல் வந்துவிடும்.

நிறத்துக்கு வருவோம். இரண்டாவது தடவை சாற்றையும் சர்க்கரையையும் சேர்த்துக் காய்ச்சினேன், ஆறியதும் பார்த்தால் பழைய டீத்தண்ணி மாதிரி இருக்கிறது. பீட்ரூட்டில் உள்ள அதே வகைச் சாயம்தான் இதிலும், நீடித்த சூடு ஆகாது. அதனால் இந்தத் தடவை பாகைத் தனியாகக் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, கையால் பிசைந்து இரண்டாக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டிய பச்சைச் சாற்றை அதில் கலந்து எலுமிச்சை பிழிந்தேன், அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் ஒரு கவலை. எங்கள் வேலியில் சில மடல்களில் வெள்ளையாகப் பஞ்சு அப்பியிருக்கிறது, நசுக்கினால் ரத்தச் சிவப்பு. கள்ளியில் வளர்த்துச் சிவப்புச் சாயம் எடுப்பார்களே, அந்தச் சாயப்பூச்சி இனம். 1795-இல் சாயத்துக்கென்று பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது வேறொரு இனமாகப் போய், சாயம் தேறாமல் ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்த கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். நம் வேலிகளில் இருக்கும் வகையை ஒழிக்க 1926-இல் இன்னொரு பூச்சியைத் தெரிந்தே இறக்கினார்கள். அதில் தப்பித்த செடியின் பழம்தான் என் டம்ளரில் இருக்கிறது என்று பெருமைப்பட்டாலும், பஞ்சு அப்பிய மடல்களை வெட்டிப் போட்டுவிட்டேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் முள்கம்பிக்கு மாறிவிட்டார்கள், இந்த வேலி போனால் பழத்துக்கு வேறு வழி கிடையாது.

சரி, வழவழப்பு. வெண்டைக்காயைக் கரைத்துக் குடிப்பது போல இருக்கிறது. துணியும் அந்தப் பசையில் அடைத்துக்கொள்கிறது, ஒரு லிட்டர் வடிக்க முக்கால் மணி நேரம். ஒரு பாட்டில் சாற்றை ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றிப் பார்த்தேன், கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் பாதிச் சாறு வீண். அடுத்து நன்னாரி சேர்த்துப் பார்க்கலாமா என்று யோசனை. வாசனைக்குத்தான், வழவழப்புக்கு அது என்ன செய்யும்.

மொட்டை மாடியில் பிரண்டை வேறு வற்றலுக்குக் காய்கிறது. அரிப்பெடுத்த கையோடுதான் இதை எழுதுகிறேன்.