அயல் வீட்டு நாயும் கைக்கு வராத தடுப்பூசி அட்டையும்

அயல் வீட்டு நாய் உங்கள் வளவுக்குள் வரத் தொடங்கிவிட்டால், மதிலை உயர்த்துவது பற்றியோ பொலிஸுக்குப் போவது பற்றியோ யோசிப்பதற்கு முன்னர், அந்த நாய்க்கு விசர்நாய்க்கடித் தடுப்பூசி போட்ட அட்டையைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். முடிந்தால் கைபேசியில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அண்மைக் காலத்தில் எங்கள் குடும்பம் பட்ட அலைச்சலில் பெரும்பகுதி அந்த ஒரு அட்டை நேரத்துக்குக் கைக்கு வராததால் வந்தது. அம்மாவின் காலில் காயம் ஆறிவிட்டது, ஆனால் என் கோபம் இன்னும் ஆறவில்லை.

கொழும்பில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறோம். இரு பக்கமும் தொடர்மாடிகள் எழும்பிவிட்ட பிறகும் முற்றத்தோடு மிஞ்சியிருக்கும் சில பழைய வீடுகளில் எங்களுடையதும் பக்கத்து வீடும் அடங்கும். இரண்டு வளவுகளுக்கும் பொதுவான மதில் பின்பக்கம், கான் போகும் இடத்தில் இடிந்து, தகரம் வைத்து மறைக்கப்பட்டிருந்தது. பகல் முழுவதும் குட்டைச் சங்கிலியில் கட்டப்பட்டுக் கிடக்கும் அந்த நாய் மாலையில் அவிழ்த்துவிடப்பட்டதும் நேரே தகரத்தைத் தள்ளிக்கொண்டு எங்கள் பக்கம் வந்துவிடும். வந்தால் உறுமிக்கொண்டு பின்வாசலில் நிற்கும். நாங்கள்தான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும்.

அயலவர் வயதானவர், பல வருடப் பழக்கம், ஆகவே முதலில் வாயால்தான் சொன்னேன். "அவன் சும்மா குலைப்பான், கடிக்க மாட்டான் தம்பி" என்றார். "ஊசி போட்டிருக்கிறீங்களா அங்கிள், அட்டை இருக்குதா?" என்று கேட்டேன். எல்லாம் போட்டிருக்கிறது என்ற பதில் மட்டும் வந்தது, அட்டை வரவில்லை. மறுபடி கேட்டபோது முகம் கறுத்தது. அதன் பிறகு, நாய் வந்த திகதிகளையும் தகரம் திறந்து கிடப்பதையும் குறிப்பிட்டு, மதிலைத் திருத்தும்படியும் அட்டையின் பிரதியைத் தரும்படியும் ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பக்கத்து வீட்டுக்குப் பதிவுத் தபாலா என்று வீட்டிலேயே முணுமுணுத்தார்கள். ஆனால் பின்னர் பொலிஸில், "நாய் அந்தப் பக்கம் போவது எனக்குத் தெரியவே தெரியாது" என்று அவர் சொன்னபோது, அந்தத் தபால் பற்றுச்சீட்டுத்தான் பேசியது. ஆகவே உறவு கெடுமே என்று பார்க்காமல், எதையும் எழுத்தில் கொடுங்கள்.

அம்மா பின்வளவில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தபோது கடித்தது. சத்தம் கேட்டு நான் ஓடிப்போன நேரம் நாய் திரும்பிவிட்டது. அம்மாவின் ஹவுஸ்கோட்டின் கரையில் இரண்டு சிறு துளைகள். அவற்றுக்கு நேரே கெண்டைக்காலில் அதே அளவு இடைவெளியில் இரண்டு பற்குறிகள், ஒன்று ஆழமாக. மஞ்சள் வையுங்கள், துணியால் இறுக்கிக் கட்டுங்கள் என்று மதிலுக்கு மேலால் ஆலோசனைகள் வந்தன. எதையும் செய்ய வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். அதன் பிறகு தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அம்மாவுக்கு 15 நிமிடம் ஒற்றைக்காலில் நிற்க முடியாததால் குளியலறையில் கதிரை போட்டு இருத்திக் கழுவினோம்.

அரச வைத்தியசாலையில் வைத்தியர் கேட்ட கேள்விகள் எல்லாம் நாயைப் பற்றியவை. வளர்ப்பு நாயா, தடுப்பூசி உண்டா, அட்டை எங்கே? காரணத்தையும் அவரே விளக்கினார். நாய்க்குக் குறைந்தது இரண்டு தடவையாவது ஒழுங்காகத் தடுப்பூசி போடப்பட்டு, கடைசி ஊசி கடந்த ஓராண்டுக்குள் போடப்பட்டிருந்து, நாய் நல்ல சுகத்துடன் கண்ணுக்கு முன்னால் இருக்குமானால், கடிபட்டவருக்கு ஊசி தொடங்குவதைத் தள்ளிவைத்து நாயை 14 நாட்கள் கண்காணிக்க இடமுண்டு. அதற்கு ஆதாரம் வேண்டும். வாய்ப்பேச்சு ஆதாரமாகாது, ஆகவும் கூடாது, ஏனென்றால் இந்த நோயின் அறிகுறி ஒருவரில் தோன்றிவிட்டால் அநேகமாக மரணம்தான். வரிசையில் நின்றபடியே அயலவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "போட்டிருக்கு தம்பி, காட் எங்கேயோ இருக்கு, தேடிப் பார்க்கிறன்" என்றார். காத்திருந்தோம், எதுவும் வரவில்லை. அம்மாவுக்கு அன்றே ஊசி தொடங்கப்பட்டது. ஊசி இலவசம், தந்த திகதிகளில் போய்ப் போட்டுக்கொண்டோம், அதில் எந்தச் சிக்கலும் இல்லை. ஒரு திகதியையும் தவறவிட வேண்டாம் என்பது மட்டும்தான் சொல்ல இருக்கிறது.

பொலிஸ் நிலையத்தின் பெயரைக் குறிப்பிட விரும்பவில்லை. மேசையில் இருந்தவர் நான் முழுவதும் சொல்லி முடிப்பதற்கு முன்னரே, நாய் விடயம் என்றால் உள்ளூராட்சி அலுவலகத்துக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார். அங்கே போனால், நாங்கள் தெருநாய்களைத்தான் பார்க்கிறோம், வீட்டு நாய் உங்களுக்கும் அயலவருக்கும் இடையிலான பிரச்சினை என்று ஓர் ஊழியர் திருப்பி அனுப்பினார். அரை நாள் லீவு போட்டு, வெயிலில் ஆட்டோ பிடித்து அலைந்ததற்குக் கிடைத்த பலன் அவ்வளவுதான். இந்த இடத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். விடாதீர்கள். விசர்நாய்க்கடி பற்றிய கட்டளைச் சட்டம் 1893 முதலும், நாய்களைப் பதிவு செய்வது பற்றிய கட்டளைச் சட்டம் 1901 முதலும் இந்த நாட்டில் இருக்கின்றன. வளர்ப்பு நாய்க்குச் சொந்தக்காரர் பொறுப்பு என்பது புதிதாக வந்த யோசனை அல்ல. மனிதர் ஒருவர் காயப்பட்டிருக்கும்போது முறைப்பாட்டை ஏற்கத்தான் வேண்டும். மறுபடி போனபோது வைத்தியசாலைத் துண்டின் பிரதியையும் தமிழில் எழுதிய முறைப்பாட்டின் இரண்டு பிரதிகளையும் எடுத்துப்போய், ஒன்றில் திகதியுடன் முத்திரை குத்தித் தரும்படி கேட்டேன். கையில் தாள் இருப்பதைக் கண்டதும் சிறு முறைப்பாட்டுப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

வாக்குமூலத்தைச் சிங்களத்தில்தான் எழுதினார்கள். எனக்குச் சிங்களம் பேச வரும், கையெழுத்தை விரைவாக வாசிக்க வராது. ஆகவே கையொப்பம் வைப்பதற்கு முன், கூட வந்த நண்பரை வரிக்கு வரி வாசிக்கச் சொன்னேன். நான் சொன்னது எங்கள் பின்வளவு. எழுதப்பட்டிருந்தது எங்கள் வீட்டுக்கு முன்னால் வீதியில் என்று. எழுதியவர், இரண்டும் ஒன்றுதானே, கடித்தது கடித்ததுதானே என்று அலுத்துக்கொண்டார். ஒன்றல்ல. வீதியில் கடித்தால் நீங்கள் நாயைச் சீண்டினீர்கள், அதன் கேற்றடியில் போய் நின்றீர்கள் என்று கதை திரும்பும். சொந்த வளவுக்குள் கடித்தால் அந்தக் கதைக்கு இடமில்லை. திருத்தி, திருத்திய இடத்தில் அவரும் நானும் சுருக்கொப்பம் வைத்த பிறகே கீழே கையொப்பமிட்டேன். அரசாங்க அலுவலகத்துடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தருகிறது. தமிழில் எழுதக்கூடியவர் இல்லை என்றால், எழுதியதை உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டும்படியாவது கேளுங்கள். எரிச்சல்படுவார்கள், படட்டும்.

இதற்கிடையில் நாய் காணாமற்போனது. முறைப்பாடு செய்த மறுநாள் காலை மதிலுக்கு அப்பால் சங்கிலி மட்டும் கிடந்தது. பொலிஸ் வந்து நாயைப் பிடித்துக்கொண்டுபோய்க் கொன்றுவிடும் என்று பயந்து, சிலாபம் பக்கம் உறவினர் ஒருவரின் தென்னந்தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு உண்மையில் நடுக்கம் பிடித்தது இதைக் கேட்டபோதுதான். அம்மாவுக்கு ஊசி தொடங்கியிருந்தாலும், அந்த 14 நாட்களும் நாய் உயிரோடு சுகமாக இருக்கிறதா என்பது தெரிய வேண்டும். நாய் இடையில் செத்துப்போனால் அதன் தலையை பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் கொடுத்துப் பரிசோதிக்கலாம். தோட்டத்தில் செத்தால் யாரோ குழி வெட்டிப் புதைத்துவிடுவார்கள், எங்களுக்கு ஒன்றுமே தெரியவராது.

இந்த முழு விடயத்திலும் நான் நன்றியோடு நினைப்பது எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைத்தான். சொன்ன அன்றே மோட்டார் சைக்கிளில் வந்தார். அயலவரை அதட்டவில்லை. அவர் வீட்டு விறாந்தையில் இருந்து, தெருநாய்களையே பிடித்துக் கொல்வதில்லை என்று 2006 இல் அரசாங்கம் முடிவெடுத்துவிட்டது, உங்கள் நாயை யார் கொல்லப் போகிறார்கள், எனக்கு வேண்டியது நாயைப் பார்ப்பதும் அட்டையைப் பார்ப்பதும்தான் என்று பொறுமையாகச் சொன்னார். மனிதர் பயத்தில்தான் மறைத்திருக்கிறார் என்பது எனக்கும் அப்போதுதான் விளங்கியது. மறுநாள் நாய் வான் வண்டியில் திரும்பி வந்தது. அட்டையும் அலுமாரியிலிருந்து வெளியே வந்தது. ஓரம் கறையான் அரித்த மஞ்சள் அட்டை. இரண்டு கட்டங்களில் மட்டும் ஊசிப் போத்தலின் சிறு லேபல் ஒட்டி ஒப்பமிடப்பட்டிருந்தது, மற்றவை எல்லாம் வெறுமை. கடைசித் திகதி இரண்டு வருடங்களுக்கும் முந்தியது. அன்று வரிசையில் நின்று அவருடைய வார்த்தையை நம்பி ஊசி வேண்டாம் என்று அம்மாவைத் திருப்பிக் கூட்டிவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்க இப்போதும் முடியவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், "போட்டிருக்கு" என்ற சொல்லை ஏற்க வேண்டாம். திகதியைப் பார்க்க வேண்டும்.

நஞ்சு வைத்துவிடுங்கள், ஒரு நாளில் பிரச்சினை தீரும் என்று சொன்ன உறவினர்களும் உண்டு. மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907 முதல் இருப்பது ஒரு புறம் இருக்கட்டும். நாள் முழுவதும் இரண்டு முழச் சங்கிலியில் வெயிலில் நின்ற ஒரு பிராணியைக் கொன்று நான் எந்த நியாயத்தைக் கேட்கப்போகிறேன்? அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பொலிஸ் விசாரணையில் அயலவர் முதலில் தெரியாது என்றார், பிறகு அம்மா நாயைக் கல்லால் எறிந்திருக்கலாம் என்றார். தபால் பற்றுச்சீட்டும் திருத்திய வாக்குமூலமும் அதை அடக்கின. சட்டத்தரணியான என் மைத்துனர் முன்கூட்டியே ஒன்று விளக்கியிருந்தார்: இங்கே நடைமுறையிலுள்ள உரோமன்–டச்சுச் சட்டத்தின்படி, சாதுவாக இருக்க வேண்டிய வளர்ப்புப் பிராணி, இருக்க உரிமையுள்ள இடத்தில் இருந்த ஒருவரைத் தானாகத் தாக்கினால், சொந்தக்காரர் கவனயீனமாக இருந்தார் என்று நிரூபிக்காமலே நட்டஈடு கோர வழியுண்டு. இதை நான் அங்கே அமைதியாகச் சொன்னதும் பேச்சின் தொனி மாறியது. பின்மதிலைக் கட்டுவது, ஊசியை உடனே போட்டு ஒவ்வொரு வருடமும் அட்டையின் பிரதியை எங்களுக்குத் தருவது, கேற் தானாகச் சாத்திக்கொள்ளச் சுருள் பூட்டுவது என்று இணங்கினார். புத்தகத்தில் "விரைவில்" மதில் கட்டுவதாக எழுதப்போனார்கள். நான் ஒப்பமிடாமல் திகதி கேட்டேன், திகதி போட்டார்கள். இணக்கப்பாட்டில் திகதி இல்லையென்றால் அதை வைத்து யாரையும் எதையும் கேட்க முடியாது.

மதில் அந்தத் திகதிக்குள் எழும்பிவிட்டது. சீமெந்துக் கல் வைத்து, கானுக்கு மட்டும் இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். நாய்க்கு ஊசி போட்ட புதிய அட்டையின் படம் என் கைபேசியில் இருக்கிறது. மதில் வந்துவிட்டதால் இனி அதைப் பகலிலும் அவிழ்த்துவிடலாமே அங்கிள் என்று நானே சொல்லியிருக்கிறேன், யோசிப்பதாகச் சொன்னார்.

தீராமல் நிற்பது பணம். காயத்துக்கு மருந்து கட்டத் தனியார் வைத்தியரிடம் போன செலவையும் ஆட்டோச் செலவையும் தர மறுக்கிறார். சிறிய தொகைதான், ஆனாலும் விடப்போவதில்லை. 1988 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபையில் இதற்கு விண்ணப்பிக்கலாம்; இரு தரப்பும் தாம் நம்பும் மத்தியஸ்தர்களை நிரலிலிருந்து தெரிவு செய்யலாம், இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழ் தருவார்கள், அதோடு நீதிமன்றம் போகலாம். பொலிஸ் பதிவின் உறுதிப்படுத்திய பிரதிக்குக் கட்டணம் கட்டியாயிற்று. அது கைக்கு வந்ததும் பற்றுச்சீட்டுகளோடு சேர்த்து விண்ணப்பத்தைக் கொடுக்கப் போகிறேன்.