15 ஜிபிக்கு ஒரு படையெடுப்பு

லேப்டாப்பில் சி டிரைவின் இடத்தைக் காட்டும் பட்டை சிவப்பாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. 256 ஜிபி என்று வாங்கியது, விண்டோஸ் கணக்கில் 238தான். விற்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது. நடுவில் 18 ஜிபி எனக்கு நாமம். போகட்டும். மீதியிலும் 15 ஜிபியை ரெக்கவரி பார்டிஷன், அதாவது விண்டோஸ் பழுதானால் மீட்பதற்கென்று வட்டில் ஒதுக்கிய பகுதி, வளைத்துப் போட்டிருப்பதை அன்றுதான் கவனித்தேன். நான்கு ஆண்டுகளாக வாடகை தராத குடித்தனம்!

வட்டின் பகுதிகளை நிர்வகிக்கும் விண்டோஸ் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதன்மேல் வலது சொடுக்கு சொடுக்கினேன். மெனுவில் 'உதவி' என்ற ஒற்றைச் சொல் வந்தது. அழிக்க வழியில்லை, ஆறுதல் மட்டும் உண்டு போலும்.

அழிப்பதற்கு முன் ரெக்கவரியைப் பென்டிரைவில் எடுத்து வைப்பதுதான் முறை. வீட்டில் 32 ஜிபி பென்டிரைவ் ஒன்று இருந்தது. அதில் 14 ஜிபிக்குக் குடும்பப் புகைப்படங்களும் இருந்தன. ரெக்கவரி டிரைவ் உருவாக்கினால் உள்ளே இருப்பதெல்லாம் துடைக்கப்பட்டுவிடும். படங்களை எங்கே வைப்பது? சி டிரைவில்தான். அங்கே மிச்சமிருந்த 16 ஜிபி இரண்டாகச் சுருங்கியது.

"அப்பா, நீங்கள் இடத்தைக் கூட்டுகிறீர்களா, குறைக்கிறீர்களா?" என்றாள் மகள்.

பதில் சொல்லாமல், அதே வேலையைக் கட்டளைகளால் செய்யும் டிஸ்க்பார்ட்டைத் திறந்தேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. பார்டிஷன்களைப் பட்டியலிட்டால் பெயர் தெரியாது, எண், வகை, அளவு போன்றவைதான் தெரியும். 100 எம்பி என்று ஓர் அப்பாவி நின்றது. இத்துனூண்டு என்று அதில் கைவைத்திருந்தால் லேப்டாப் மறுநாள் எழுந்தே இருக்காது. விண்டோஸ் துவங்குவது அதிலிருந்துதான். 15 ஜிபிக்காரரை மூன்று முறை சரிபார்த்துத் தேர்ந்தெடுத்து, அழிக்கச் சொன்னேன். பாதுகாக்கப்பட்ட பார்டிஷன், முடியாது என்றது. கட்டளையின் கடைசியில் 'ஓவர்ரைடு' என்று சேர்த்தேன். "உறுதியாகவா?" என்று ஒரு வார்த்தை கேட்கும் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. அழித்துவிட்டேன் என்று ஒரு வரி மட்டும் வந்தது. குப்பைத்தொட்டியைக் காலி செய்யவே அனுமதி கேட்கும் விண்டோஸா இது?

வெற்றிக் களிப்பில் சி டிரைவை நீட்டிக்கப் போனேன். அந்த மெனு மங்கிக் கிடந்தது. காலியிடம் சி டிரைவுக்கு வலப்பக்கம் ஒட்டியபடி இருந்தால்தான் நீட்டிக்க முடியுமாம். இங்கோ இரண்டுக்கும் நடுவில் ஒரு ஜிபிகூட இல்லாத இன்னொரு குட்டி ரெக்கவரி பார்டிஷன், பங்காளிச் சண்டையில் எழுப்பிய சுவர் மாதிரி நின்றது. அதையும் இடிக்கும் துணிவு அன்றைக்கு எனக்கு இல்லை.

வேறு வழியின்றி 15 ஜிபியைத் தனி டிரைவாக்கி, அதற்கு டி என்று பெயர் வைத்து, புகைப்படங்களை அங்கே மாற்றினேன். சி டிரைவில் பழையபடி 16 ஜிபி மிச்சம். அதன் பட்டையும் பழையபடி சிவப்பு.

டி டிரைவில் மிச்சம் ஒரு ஜிபி. பத்து சதவீதத்துக்குக் கீழே போனாலே பட்டை சிவந்துவிடும் என்பதால், இப்போது இரண்டு சிவப்புப் பட்டைகள் வைத்திருக்கிறேன்.