போன் பதிவைக் கோர்ட் வாங்குமா? நான் கோட்டைவிட்ட பத்து மார்க்

சாட்சியச் சட்டப் பரீட்சையில் ஒரு பத்து மார்க் கேள்வி. மனைவி போனில் பேசியதை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்த கணவர், அதைக் குடும்பநல நீதிமன்றத்தில் தாக்கல் செய்கிறார், ஏற்கலாமா? மின்னணுப் பதிவுக்கு வேண்டிய 65பி சான்றிதழ், அதைக் கட்டாயம் என்ற அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்பு என்று இரண்டு பக்கம் நிரப்பினேன். கிடைத்தது மூன்று. 'குடும்பநல நீதிமன்றம்' என்பதை ஏதோ ஊர்ப்பெயர் மாதிரி படித்துத் தாண்டியிருக்கிறேன். கேள்வியே அந்தச் சொல்லில்தான் இருந்தது.

1984ஆம் ஆண்டு குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் பிரிவு 14ஐ மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள். தகராறைத் தீர்க்க உதவும் என்று நீதிபதி கருதினால், எந்த அறிக்கையையும் ஆவணத்தையும் தகவலையும் சாட்சியமாக வாங்கலாம். சாட்சியச் சட்டப்படி அது செல்லுமா என்று பார்க்க வேண்டியதில்லை. சாட்சி சொன்னதன் சாராம்சத்தை மட்டும் குறித்தால் போதும் என்பது பிரிவு 15. சம்பிரதாயமான சாட்சியத்தைப் பிரமாணப் பத்திரமாகவே தரலாம் என்பது 16.

அப்படியானால் எதைக் கொடுத்தாலும் ஜெயித்துவிடலாமா? இந்தச் சந்தேகம் எனக்குத் தீர்ந்தது ஈரோட்டில், நான் பயிற்சிக்குச் சேர்ந்த சீனியர் வக்கீல் அம்மாவிடம். "மஞ்சள் ஏலத்துக்குப் போயிருக்கியா அம்மிணி? மூட்டையை யாரு வேணும்னாலும் இறக்கலாம். விரலியை ஒடிச்சுப் பார்த்துத்தான் ரேட்டு" என்றார். வாங்குவது வேறு, நம்புவது வேறு. என் விடைத்தாளில் இல்லாதது இதுதான்.

நகையும் சீரும் திரும்பக் கேட்கும் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துக் கல்யாணத்தில் எல்லாவற்றுக்கும் ரசீதா இருக்கிறது? மொய் நோட்டு இருக்கும், இணைச்சீர்ச் சடங்கின் போட்டோ இருக்கும். நோட்டை எழுதிய பெரியப்பா இறந்திருக்கலாம். சாதாரண சிவில் கோர்ட்டில் அதை நிரூபிப்பதற்கே ஒரு பாடு. இங்கே பிரிவு 14 கதவைத் திறந்துவிடும். ஆனால் கடைசிப் பக்கத்தில் மட்டும் மை புதிதாக இருந்தால் குறுக்கு விசாரணையில் அவ்வளவுதான். எடை போடும் அளவு, எந்தத் தரப்பு சொல்வது நம்பத்தகுந்தது என்பதே. கிரிமினல் வழக்குபோல் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டியதில்லை. இதற்கு 1975 டாஸ்தானே தீர்ப்பை எழுதுங்கள்.

சரி, போன் பதிவு. தம்பதிக்குள் பேசியதை வெளியிடக் கூடாது என்ற தடை பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 122. அதிலேயே கணவன் மனைவி ஒருவர்மேல் ஒருவர் போடும் வழக்குக்கு விலக்கு இருக்கிறது. அவசரத்தில் படிப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். அந்தரங்க உரிமையை மீறிப் பெற்ற சாட்சியம் செல்லாது என்று 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. 2025 ஜூலையில், பட்டிண்டா குடும்பநல நீதிமன்றத்தில் தொடங்கிய விபோர் கார்க் வழக்கில், தம்பதி வழக்குகளில் ரகசியப் பதிவையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இரண்டையும் எழுதி, இரண்டாவதில் முடியுங்கள்.

பிரிவு 14 இருக்கும்போது மின்னணுச் சான்றிதழ் எதற்கு என்று சீனியரிடம் கேட்டேன். "இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க, இல்லைன்னா அதையே ஆறு மாசம் பேசுவாங்க" என்றார்.

பிரிவு 14ஐ வைத்து டிஎன்ஏ பரிசோதனையும் சுலபமாகக் கேட்டுவிடலாம் என்று எழுதிவிடாதீர்கள். திருமண காலத்தில் பிறந்த குழந்தை கணவனுடையதே என்ற அனுமானம் அப்படியே நிற்கிறது; பரிசோதனைக்கு வழக்கமாக உத்தரவிடக் கூடாது என்று 2023 அபர்ணா ஃபிரோடியா தீர்ப்பும் சொல்கிறது.

அப்புறம் எண்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியம் வந்துவிட்டது. 65பி இப்போது 63, 122 இப்போது 128, குழந்தை பற்றிய அனுமானம் இருந்த 112 இப்போது 116. புதிய எண்ணை எழுதிவிட்டுப் பக்கத்தில் பழையதையும் போடுங்கள்; நீங்கள் காட்டும் தீர்ப்புகளில் பெரும்பாலும் பழைய எண்தான் இருக்கும்.