சீகேம்ப் 1911: வாங்கியதும் பழுது பார்த்ததும்

பல வருடமாகத் தேடிய பிஸ்டல் வேறு மாநிலத்தில் ஒருவரிடம் இருக்கிறது என்று தெரிந்ததும் அன்றே விலை பேசி முடித்துவிட்டேன். கோல்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 1911 மாடல்தான். ஆனால் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா வந்த துப்பாக்கிக் கைவினைஞர் எல். டபிள்யூ. சீகேம்ப், 1970களில் டபுள் ஆக்‌ஷனாக மாற்றத் தொடங்கிய வகை. ஜான் பிரௌனிங் என்ற துப்பாக்கி வடிவமைப்பாளர் உருவாக்கிய 1911இல் சுத்தியல் பின்னால் நின்றால்தான் விசைக்கு (டிரிகருக்கு) வேலை, இதுதான் சிங்கிள் ஆக்‌ஷன். சீகேம்ப் மாற்றியதில் சுத்தியல் படுத்திருந்தாலும் விசையை இழுத்தால் போதும், அது எழுந்து வந்து விழும். இப்படிச் சுமார் 2,000 பிஸ்டல்கள் மாற்றப்பட்டதாகச் சொல்வார்கள்.

வேறு மாநிலத்துக்காரரிடம் வாங்குவதால் நேராக என் வீட்டுக்கு அனுப்ப முடியாது. என் மாநிலத்தில் உரிமம் பெற்ற வியாபாரி ஒருவர் வழியாகத்தான் வர வேண்டும். அவர் கடையில் துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 என்ற அரசுப் படிவத்தை நிரப்பினேன், எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனைக்குப் போனது. ‘தாமதம்’ என்று பதில் வந்தபோது வயிறு கலங்கிவிட்டது. இரண்டு நாளில் அனுமதி வந்துவிட்டது. கோல்ட் நிறுவனத்தின் ஆவணப் பிரிவுக்குப் பணம் கட்டி வரிசை எண்ணை அனுப்பி, ஒரு கடிதமும் வாங்கினேன். தொழிற்சாலையிலிருந்து எப்போது, யாருக்குப் போனது என்பது அதில் இருந்தது. பின்னால் நடந்த மாற்றத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அது வேறொருவர் செய்த வேலை, எப்படி இருக்கும்?

உண்மையான சோதனை அதற்கப்புறம்தான். ஒரு நாள் சுடுதளத்தில் முதல் இழுப்பில் விசை தொளதொளவென்று போய் வந்தது, சுத்தியல் அசையவே இல்லை. சுத்தியலைக் கையால் இழுத்து வைத்தால் ஒழுங்காகச் சுட்டது. உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் முறிந்திருந்தது. ஒவ்வொன்றும் கையால் அரவி இழைத்துப் பொருத்தியது என்பதால் ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குச் சேரும் என்று நம்ப முடியாது. நான் கேட்ட முதல் இரண்டு கன்ஸ்மித்துகளும் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்கள்) மறுத்தார்கள். மூன்றாமவர், “எல்லாத்தையும் எடுத்துட்டுப் பழைய மாதிரி சிங்கிள் ஆக்‌ஷனாவே ஆக்கித் தர்றேன்” என்றார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. இதற்காகத்தானே இதை வாங்கினேன்!

நான்காவதாகக் கிடைத்த பெரியவர் வேறு மாநிலம். பழுது பார்க்க உரிமம் பெற்ற கன்ஸ்மித்துக்கு உரிமையாளரே அனுப்பலாம், வேலை முடிந்ததும் அவர் நேராக உரிமையாளருக்கே திருப்பி அனுப்பலாம் என்று சட்டம் இருக்கிறது. மறுபடி 4473 தேவையில்லை. கூரியர் நிறுவனத்தின் விதிகளை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் போய்ப் பெட்டியோடு திரும்பி வந்தேன்.

ஐந்து மாதம் ஆனது. வந்ததும் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, மெதுவாக இழுத்தேன். நீளமான, கனமான இழுப்பு. சுத்தியல் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போய், ஒரு நொடி நின்றது போலிருந்து, விழுந்தது. பெட்டியின் மூலையில், அவர் கம்பி வளைத்துச் செய்த உதிரி ஸ்பிரிங்குகள் இரண்டு ஒரு சின்ன உறையில் இருந்தன.