பிழைச் செய்தியே வராத இடங்களில்தான் மாட்டிக்கொண்டோம்

விற்பனைத் தரவுக் கிடங்கை ஆரக்கிள் என்ற தரவுத்தள மென்பொருளிலிருந்து போஸ்ட்கிரஸ் என்ற இன்னொன்றுக்கு ஒருவழியாக மாற்றி முடித்துவிட்டோம். அட்டவணைகளை உருவாக்கியது, பழைய தரவை ஏற்றியது, இண்டெக்ஸ் போட்டது பற்றியெல்லாம் சொல்ல ஒன்றுமில்லை. பிழைச் செய்தியோடு நின்றுபோன புரொசீஜர்களும் (தரவுத்தளத்துக்குள் சேமித்து வைத்த நிரல்கள்) பெரிய தொல்லை இல்லை. எந்த வரியில் நின்றது என்று அவையே சொல்லிவிடும். எங்கள் உயிரை வாங்கியவை, இரண்டு பக்கமும் சமர்த்தாக ஓடி ஆளுக்கொரு விடை தந்த வினவல்கள்தான் (தரவைக் கேட்டு வாங்கும் கட்டளைகள்).

முதலில் சிக்கியது வாடிக்கையாளர் பெயர். முதற்பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர் மூன்றையும் இரட்டைச் செங்குத்துக் கோடு போட்டு ஒட்டும் ஒரு வியூ (பெயரிட்டுச் சேமித்த வினவல்) இருந்தது. நடுப்பெயர் ‘நல்’ (மதிப்பே இல்லை) என்றால் ஆரக்கிள் அதை விட்டுவிட்டு மற்றவற்றை ஒட்டிவிடும். போஸ்ட்கிரஸில் ஒன்று ‘நல்’ என்றால் மொத்தமும் ‘நல்’. நடுப்பெயர் இல்லாத அத்தனை பேரும் அறிக்கையில் பெயரே இல்லாதவர்கள் ஆனார்கள். ‘கான்கேட்’ செயற்கூறுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. கண்ணில் பட்டதால் தப்பித்தோம்.

இதன் மறுபாதி கண்ணில் படவில்லை. வெற்றுச் சரத்தை, அதாவது ஓர் எழுத்தும் இல்லாத உரையை, ஆரக்கிள் ‘நல்’ என்றே எடுத்துக்கொள்ளும். போஸ்ட்கிரஸுக்கு இரண்டும் வேறு வேறு. ஆகவே பழைய பதிவுகளில் ‘நல்’, மாற்றத்துக்குப் பின் வந்தவற்றில் வெற்றுச் சரம் என ஒரே நெடுவரிசையில் இரண்டும் கலந்து கிடந்தன. ‘நல்’லை மட்டும் தேடும், தொலைபேசி எண் தராத வாடிக்கையாளர் பட்டியலில் அதன்பின் ஒருவர்கூடச் சேரவில்லை. கிளைகள் ஒழுங்காக எண் வாங்க ஆரம்பித்துவிட்டன என்று விற்பனைப் பிரிவு மகிழ்ந்துகொண்டிருந்தது! காலியாக விடக்கூடாது என்று ‘நாட் நல்’ போட்ட நெடுவரிசைகளும் வெற்றுச் சரத்தைத் தாராளமாக உள்ளே விட்டிருந்தன. தரவு நுழையும் இடத்திலேயே ‘நல்இஃப்’ கொண்டு வெற்றை ‘நல்’ ஆக்கிவிடுங்கள். கட்டாய நெடுவரிசைகளுக்கு வெற்றைத் தடுக்கும் ‘செக்’ கட்டுப்பாடும் வேண்டும்.

அடுத்தது தேதி. இதில் என் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆரக்கிளின் ‘டேட்’ வகையில் மணி, நிமிடம், நொடி எல்லாம் உண்டு. போஸ்ட்கிரஸின் ‘டேட்’ நாளோடு நின்றுவிடும். அங்கே ‘டேட்’ என்றிருந்தால் இங்கே ‘டைம்ஸ்டாம்ப்’ ஆக்க வேண்டும். நாங்கள் அமர்த்திய ஆலோசனை நிறுவனத்தின் ஸ்கிரிப்ட், பெயர் ஒன்றுதானே என்று ‘டேட்’டை அப்படியே ‘டேட்’டாக வைத்துவிட்டது. எங்கள் இரவுத் தரவு ஏற்றமோ, முந்தைய ஓட்டத்துக்குப் பின் திருத்தப்பட்ட பதிவுகளைத்தான் எடுக்கும். நேரம் உதிர்ந்ததும் எல்லாத் திருத்தமும் நள்ளிரவு 12 மணிக்கு நடந்ததாக ஆகிவிட்டது. அதிகாலை 2 மணிக்கு ஏற்றம் ஓடியிருந்தால், அன்று பிற்பகலில் திருத்தியவை மறுநாளும் எடுபடாது. கேட்டதற்கு, “ஒப்பந்தத்தில் வகை மாற்றம் என்றுதான் இருக்கிறது, நேரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லையே” என்றார்கள். போன நேரத்தைப் புதிய பக்கத்திலிருந்து மீட்க வழியே இல்லை. அந்த அட்டவணைகளை முதலிலிருந்து மறுபடி ஏற்றினோம்.

சின்னதாக ஒன்று. ஏற்றப் பதிவேட்டில் எல்லாக் கட்டங்களும் ஒரே நொடியில் தொடங்கி அதே நொடியில் முடிந்ததாகக் காட்டினால், இயந்திரம் வேகமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். போஸ்ட்கிரஸின் ‘நவ்’ செயற்கூறு, பரிவர்த்தனை (ஒன்றாகவே முடியும் கட்டளைத் தொகுதி) தொடங்கிய நேரத்தையே கடைசிவரை சொல்லும். ஓடும் கடிகாரம் வேண்டுமென்றால் ‘கிளாக் டைம்ஸ்டாம்ப்’. பெரிய ஏற்றம் முடிந்தவுடன், வினவல் திட்டமிடலுக்கான புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் ‘அனலைஸ்’ ஓட்டவும் மறக்க வேண்டாம்.

பிறகு ஒரு நாள் டிஸ்க் நிரம்பத் தொடங்கியது. கூடுதல் இடம் கேட்டுச் சேமிப்பகப் பிரிவுக்கு எழுதினால், ‘விவரம் போதவில்லை’ என்று கோரிக்கையை மூடிவிட்டார்கள். நேரில் போனபோது அங்கிருந்தவர் சொன்ன யோசனை: “பிஜி வால் என்று ஒரு கோப்புறை பெருத்துக் கிடக்கிறதே, வெறும் லாக்தானே சார், அழித்துவிடுங்கள்.” ஒவ்வொரு மாற்றத்தையும் தரவுத்தளம் முதலில் எழுதிவைக்கும் இடம் அது. அதில் கை வைத்திருந்தால் தரவுத்தளமே மீண்டும் எழுந்திருக்காது. இப்படி நினைத்து அழித்தவர்கள் இருந்ததால்தான், 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் ‘பிஜி எக்ஸ்லாக்’ என்ற பழைய பெயரையே மாற்றினார்கள். எங்கள் விஷயத்தில் காரணம், எப்போதோ அணைத்துவிட்ட ஒரு சோதனை சர்வரின் ரெப்ளிகேஷன் ஸ்லாட் (நகல் சர்வர் எதுவரை வாங்கியது என்று குறித்துவைக்கும் ஏற்பாடு). அந்த சர்வர் வந்து வாங்கிக்கொள்ளும் என்று கோப்புகளைச் சேர்த்து வைத்துக்கொண்டே இருந்தது. ஸ்லாட்டை நீக்கியதும் இடம் தானாகத் திரும்பியது, கோரிக்கைக்கே வேலையில்லை. 13ஆம் பதிப்பு முதல் இதற்கு உச்சவரம்பு வைக்கலாம். ஆனால் இயல்பாக வரம்பு கிடையாது, நாமாகத்தான் வைக்க வேண்டும்.

இத்தனை கூத்திலும், மாற்றிய அன்று சரிபார்த்த பதிவு எண்ணிக்கை இரண்டு பக்கமும் அச்சாகப் பொருந்தியிருந்தது. அதைக் காட்டித்தான் ஆலோசனை நிறுவனம் ‘பணி நிறைவு’ என்று கடிதம் கொடுத்தது. எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். நெடுவரிசை வாரியாகக் கூட்டுத்தொகை, ‘நல்’ எத்தனை, வெற்று எத்தனை, மிகச் சிறிய மதிப்பு, மிகப் பெரிய மதிப்பு என்று மாதம் மாதமாகப் பிரித்து ஒப்பிடுங்கள்.

உரிமக் கட்டணம் மிச்சம் என்று பழைய சர்வரை உடனே அணைக்க நிர்வாகம் துடித்தது. நிதிப் பிரிவு மேலாளர் அசையவில்லை. “காலாண்டு அறிக்கை இரண்டிலும் ஓடட்டும், அப்புறம் கையெழுத்துப் போடுகிறேன்” என்று சொல்லிவிட்டார். அந்த ஓட்டத்தில்தான் கடைசிப் பூதம் வெளியே வந்தது. ஒரு பில்லுக்குச் சராசரியாக எத்தனை பொருள் என்பது ஆரக்கிளில் 3.5; போஸ்ட்கிரஸில் 3. இரண்டு முழு எண்களை வகுத்தால் போஸ்ட்கிரஸ் பின்னத்தை வெட்டிவிடும். விடை 0 என்று வந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். 3 என்று வந்தால் யார் சந்தேகப்படுவது? வகுபடும் எண்ணைப் பின்னம் தாங்கும் ‘நியூமெரிக்’ வகையாக மாற்றி, இதே மாதிரி வகுத்தல் இருந்த எல்லா வியூவையும் தேடித் திருத்தினோம். மறு ஓட்டத்தில் இரண்டும் பைசா பிசகாமல் பொருந்தின. அவரும் கையெழுத்துப் போட்டார்.